மாம்பூ கருகியதைப் பார்த்த பிறகு, அணு உலை பற்றிய என் பழைய முடிவு சரிதானா?

தோத்தாபுரி (காவேரிப்பட்டணம்):

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் நான்கு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. முக்கால்வாசி பெங்களூரா, வேலி ஓரமாகச் செந்தூரா இருபது மரம், எல்லாம் அப்பா வைத்தது. 2024-ல் என்ன ஆனது என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மார்கழி, தையில் பூக்க வேண்டிய மரம் மாசிக்குத் தள்ளிப்போய்ப் பூத்தது. பங்குனி வெயிலில் பாதிப் பூ கருகியது. மீதியில் பிடித்த பிஞ்சு பட்டாணி அளவு, கோலிக்குண்டு அளவு இருக்கும்போதே காம்பு கறுத்து விழுந்தது. விடியற்காலையில் தோப்புக்குள் நடந்தால் செருப்புக்கடியில் பிஞ்சு நொறுநொறுவென்று நசுங்கும், அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கி மரம் மரமாக ஊற்றினோம். காலையில் ஊற்றிய பாத்தி மதியத்துக்குள் வெடிப்பு விட்டுவிடும். நல்ல வருஷத்தில் பதினாறு, பதினேழு டன் எடுக்கும் தோப்பில் அந்த வருஷம் மூன்று டன்கூடத் தேறவில்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். 2011, 2012-ல் நான் தர்மபுரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஃபுகுஷிமா விபத்து நடந்த சமயம். கூடங்குளம் வேண்டாம் என்று பஸ் நிலையத்தில் நின்று கையெழுத்து வாங்கியவன் நான். அப்போது ஊரில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. "இருக்கிற கரண்ட்டே பத்தவில்லை, வரப்போகிறதையும் தடுக்கிறாயா" என்று பெரியவர்கள் திட்டினார்கள். நான் கொஞ்சமும் அசையவில்லை.

இப்போது எங்கள் விவசாயிகள் சங்கத்தில் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு தீர்மானம் எழுதுகிறோம், ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைப்பதற்கு. மாங்காய்க்குப் பயிர்க் காப்பீடு, ஏரி தூர்வாருதல், இதிலெல்லாம் எல்லோருக்கும் ஒரே மனது. மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும், புகை விடாத அணுமின் நிலையங்களை அரசு விரைவுபடுத்த வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். வரைவு எழுதும் பொறுப்பு என்னிடம். சரி, மறுத்துப் பேச ஆதாரம் தேடலாம் என்று படிக்க உட்கார்ந்தால், ஐ.பி.சி.சி.யின் (ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிஞர் குழு) 2014 அறிக்கையில் இருந்த கணக்கு என்னை நிறுத்திவிட்டது. நிலையம் கட்டுவதிலிருந்து கடைசியில் மூடுவது வரை எல்லாம் சேர்த்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கார்பன், நிலக்கரிக்கு 820 கிராம், பெரிய சூரிய மின் நிலையத்துக்கு 48, அணுவுக்கு 12, காற்றாலைக்கு 11.

பன்னிரண்டு கிராம். அப்படியென்றால் என் தோப்பைக் கருக்கிய வெயிலுக்கு எதிராக இருந்த ஒரு ஆயுதத்தைத்தான் நான் அன்று வேண்டாம் என்றேனா? அந்த வரியைச் சேர்ப்பதா, வேண்டாமா? மின்சாரத் துறையில் இருந்தவர்களும் அந்த ஊர்ப் பக்கத்து ஆட்களும் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.


ஷிப்ட் ஆள் (தர்மபுரி):

தம்பி, நான் ஈ.பி.யில் 32 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் சப்ஸ்டேஷன் ஷிப்ட். எனக்குத் தெரிந்ததை அங்கே பார்த்த மாதிரியே சொல்கிறேன்.

கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தால் நம் கண் முதலில் போவது ஃப்ரீக்வென்சி மீட்டருக்குத்தான். 50-ல் நிற்க வேண்டும், தேவைக்கு மின்சாரம் பத்தவில்லை என்றால் அது இறங்கும். நீங்கள் சொன்ன அந்த 2012-ல் 49.5-க்குக் கீழே இறங்கிய நாட்கள் உண்டு. இறங்கியதும் சென்னையிலிருந்து போன் வரும், எந்த ஃபீடரை, அதாவது ஊர்களுக்கு மின்சாரம் போகும் எந்த லைனை, நிறுத்துவது என்று சொல்வார்கள், நான் எழுந்து போய் பிரேக்கரைத் திறப்பேன். திறந்த அடுத்த நிமிஷம் இன்னொரு போன் அடிக்கும், அது அந்த ஃபீடரில் இருக்கும் ஊர்க்காரர். பிரசவ வார்டில் விளக்கு இல்லை என்று ஒரு பெண் அழுதுகொண்டே பேசியதை நான் மறக்கவில்லை. அதனால் கரண்ட் விஷயத்தில் எனக்குக் கொள்கை எல்லாம் அப்புறம்தான், ராத்திரி எட்டு மணிக்கு எது மின்சாரம் கொடுக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

நம் மாநிலத்தின் சிக்கலே நேரம்தான். சூரிய மின்சாரம் 9,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, காற்றாலை 10,000-ஐத் தாண்டிவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் காற்று நமக்கு எப்போது வரும்? வைகாசி, ஆனியில் தென்மேற்குப் பருவம் பிடித்த பிறகு முப்பந்தல், ஆரல்வாய்மொழியில் சுற்றும். புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். தேவை உச்சத்துக்குப் போவதோ பங்குனி, சித்திரையில், காற்று வருவதற்கு முன்னால். 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத உச்சம். பகலில் வெயில் இருக்கிறது, பரவாயில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சூரியன் சாய்ந்ததும் அத்தனை பேனலும் ஒரே மாதிரி படுத்துவிடும். அதே நேரத்தில் வீட்டு விளக்கு, ஃபேன், ஏ.சி., ஓசூர் சிப்காட்டின் இரண்டாவது ஷிப்ட், மூன்றாவது ஷிப்ட் எல்லாம் ஏறும். சித்திரை மாத ராத்திரி, வெயிலும் இல்லை காற்றும் இல்லை, அந்த இடைவெளியை இன்றைக்கு நிரப்புவது நிலக்கரிதான், மேட்டூர் அனல் நிலையம் மாதிரி.

ராத்திரி பகல் பாராமல் ஒரே சீராக ஓடும், புகையும் விடாது என்றால் இப்போதைக்குக் கையில் இருப்பது அணு உலையும், கொஞ்சம் நீர்மின்சாரமும். கூடங்குளத்தில் ஓடுவது இரண்டு உலை, ஒன்று 1,000 மெகாவாட். அதில் நமக்குப் பாதியளவு, மீதி கர்நாடகம், கேரளம், புதுச்சேரிக்கு. குறையும் சொல்லிவிடுகிறேன். எரிபொருள் மாற்ற ஒரு உலையை நிறுத்தினால் 1,000 மெகாவாட் ஒரே அடியாகப் போய்விடும், அதுவும் வாரக் கணக்கில். இருந்தாலும் நான் அந்த வரியைச் சேர்க்கத்தான் சொல்வேன்.


அரூர் சோலார்:

அண்ணா சொன்ன ராத்திரி எட்டு மணிக் கணக்கு உண்மை. நான் சூரிய மின்தகடு மாட்டும் தொழில் செய்கிறேன், எனவே என் பேச்சில் என் தொழிலின் சாய்வு இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தொழிலின் குறையையும் சொல்கிறேன். அரூரில் சித்திரை மாதம் கூரை மேல் தகட்டைத் தொட்டால் கை பொத்துப் போகும். வெயில் அதிகமாக இருந்தால் மின்சாரமும் அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. தகட்டின் சூடு 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். அதனால்தான் ஷீட் கூரையோடு ஒட்டி மாட்டாமல் காற்று போக இடைவெளி விடுவோம்.

ஆனால் என் வாதம் கார்பன் பற்றியது இல்லை, காலம் பற்றியது. கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988-ல், ராஜீவ் காந்தியும் கோர்பசேவும். கட்டத் தொடங்கியது 2002-ல். முதல் உலை ஓடத் தொடங்கியது 2013-ல். இருபத்தைந்து வருஷம். முதல் இரண்டு உலைக்கு 13,171 கோடி என்று போட்ட மதிப்பீடு கடைசியில் 22,462 கோடி ஆனது. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலை (ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை) 2004-ல் கட்டத் தொடங்கினார்கள், உலையின் மையப் பகுதியை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில். சரி, நம் நாட்டில்தான் இப்படியா என்றால், ஃபின்லாந்தில் ஓல்கிலுவோட்டோ மூன்றாவது உலை 2005-ல் தொடங்கி 2023-ல்தான் முழுதாக ஓட ஆரம்பித்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து வோக்டிலில் இரண்டு உலைக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் போனது, முதலில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு.

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 2016-ல் சுமார் எட்டு மாதத்தில் முடித்தார்கள். 648 என்பது உச்சி வெயில் கணக்கு, நாள் முழுக்கச் சராசரி பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் வரும், அதற்கு 2,500 ஏக்கர் போனது, இதையும் நான் மறைக்கவில்லை. இருந்தாலும் எட்டு மாதம் எங்கே, இருபத்தைந்து வருஷம் எங்கே. அண்ணன் தோப்பு இன்னும் பத்து வருஷத்தில் தப்புமா என்பதுதான் கேள்வி என்றால், இன்று கையெழுத்துப் போடும் உலை அதற்குள் ஒரு யூனிட்கூடக் கொடுக்காது. அதே பணத்தைத் தகடு, பேட்டரி, அப்புறம் கடம்பாறை மாதிரி நீரை மேலே ஏற்றிவைத்து ராத்திரியில் இறக்கும் நீர்மின் நிலையம், இவற்றில் போட்டால் சித்திரை ராத்திரி இடைவெளி அடையத் தொடங்கும். கடம்பாறை 400 மெகாவாட், 1980-களிலேயே நாம் கட்டியது. அதற்கு அப்புறம் அப்படி ஒன்றுகூட முடிக்காமல் இத்தனை வருஷம் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

வீட்டுக் கூரைக்கு 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கிறது. உங்கள் தீர்மானத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கட்டும்.


ஷிப்ட் ஆள் (தர்மபுரி):

தாமதம் எல்லா இடத்திலும் இல்லை தம்பி. பிரான்ஸ் 1974-ல், எண்ணெய் விலை ஏறிய கையோடு முடிவெடுத்து, பதினைந்து வருஷத்துக்குள் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கை அணுவுக்கு மாற்றியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பராக்காவில் கொரியாக்காரர்கள் நான்கு உலை, 5,600 மெகாவாட், 2012-ல் தொடங்கி 2024-க்குள் முடித்துக் கொடுத்துவிட்டார்கள், அந்த நாட்டு மின்சாரத்தில் கால் பங்கு இப்போது அதிலிருந்து வருகிறது. வெயில் கொட்டும் பாலைவன நாடு அது. அவர்களுக்கும் ராத்திரிக்கு வேண்டியிருக்கிறது.


பாலக்கோடு வாசகி:

ஜெர்மனி கடைசி மூன்று உலையை 2023 ஏப்ரலில் மூடியது, ஆனால் நிலக்கரியை இன்னும் விடவில்லை. அதைப் படித்தபோது எனக்கு வரிசை தப்பிவிட்டது என்றுதான் தோன்றியது. ஓடிக்கொண்டிருக்கும் உலையை மூடுவது வேறு, புதிதாகக் கட்டுவது வேறு. இங்கே இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பிரான்சையும் முழுதாக நம்ப வேண்டாம், 2022 கோடையில் ஆற்றுநீர் சூடாகி அங்கே சில உலைகளின் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. உலைக்கும் குளிர்ந்த நீர் வேண்டும், வெயில் அதையும் விடுவதில்லை.


இராதாபுரத்து மகள் (ஓசூர்):

அந்த ஊர்ப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் இராதாபுரம் பக்கம், கல்யாணமாகி ஓசூர் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. கூடங்குளம் உலையின் குவிமாடம் எங்கள் ஊர் மொட்டை மாடியிலிருந்து தெரியும்.

2011 செப்டம்பரில் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உண்ணாவிரதம் தொடங்கினார்கள். எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவர். வேலையை விட்டுவிட்டுப் போராட்டத்துக்குப் போக முடியாது, ஆயிரம் பீடி கொடுத்தால்தான் கூலி. அதனால் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பந்தலிலேயே உட்கார்ந்து சுற்றினார், அவரைப் போல நிறையப் பெண்கள். மேடையில் யாரோ யுரேனியம் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், கீழே கத்தரியால் இலை நறுக்கும் சத்தம் கேட்டபடி இருக்கும். நான் போனில் பேசும்போதெல்லாம் "உனக்கெல்லாம் என்ன புரிகிறது அங்கே" என்று சண்டை போட்டேன். எங்கள் வீட்டில் ஓசூரில் கரண்ட் இல்லாமல் கைக்குழந்தையோடு நான் பட்ட பாடு எனக்கு. அம்மா சொன்ன பதில், "எனக்குப் புரியாததுதான் பிரச்சினை. புரியவைக்க ஒருத்தரும் வரவில்லையே."

ஐ.பி.சி.சி. சொல்லும் 12 கிராமை நான் மறுக்கவில்லை. கடல் சூடானால் முதலில் அடிபடுவது மீனவர்தான், அது எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பன்னிரண்டு கிராமுக்குள் சேராத கணக்கு ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்டதற்காக ஆயிரக்கணக்கான பேர் மேல் தேசத் துரோக வழக்கு போட்டார்கள். 2012 செப்டம்பரில் கடற்கரையில் கண்ணீர்ப் புகை, தடியடி, அன்று மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை ஓட்டலாம் என்று தீர்ப்புச் சொன்னபோதுகூட, பாதுகாப்புக்காகப் பதினைந்து நிபந்தனை போட்டது, மக்கள் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்றும் சொன்னது. அந்த மக்கள் கேட்டதில் நியாயமே இல்லை என்றால் அத்தனை நிபந்தனை எதற்கு?

2019 அக்டோபரில் கூடங்குளத்துக் கணினியில் வைரஸ் புகுந்ததாகச் செய்தி வந்தது. முதல் நாள் நிலையத்திலிருந்து அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அறிக்கை. மறுநாள் அணுமின் கழகம், ஆமாம், நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் இருந்தது, உலையை இயக்கும் பகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது. தொடர்பில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். முதல் நாள் ஏன் இல்லை என்றார்கள்? உலை வெடிக்கும் என்று எங்கள் அம்மா தினமும் பயந்துகொண்டு வாழவில்லை. ஏதாவது நடந்தால் நமக்குச் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அவருடைய பயம். ஃபுகுஷிமாவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது, அங்கே பஸ்ஸும் ரோடும் இருந்தது. எங்கள் ஊர் ரோட்டில் திருவிழாக் கூட்டத்துக்கே வண்டி நகராது.

தம்பி, அந்த வரியை நீங்கள் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் சங்கத்தின் உரிமை. "விரைவுபடுத்த வேண்டும்" என்ற வார்த்தையை மட்டும் யோசியுங்கள். எங்களிடம் எல்லாமே விரைவாகத்தான் நடந்தது, விளக்கம் சொல்வது மட்டும் நடக்கவில்லை.


தோத்தாபுரி (காவேரிப்பட்டணம்):

அக்கா, இதை மூன்று முறை படித்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு நான் தர்மபுரி பஸ் நிலையத்தில் நின்ற நாட்களில் உங்கள் அம்மா அங்கே தட்டோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அன்று பேசியதெல்லாம் கதிர்வீச்சு, புற்றுநோய், வெடிப்பு. யாரும் வந்து சொல்லவில்லை என்ற இந்த ஒன்றை நான் ஒருநாளும் சொன்னதில்லை.


வேப்பனஹள்ளிக்காரன்:

உலை பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், கழிவு பற்றி யாரும் பேசவில்லை. அது நம் வாசலுக்கே வந்த கதை ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் கோலார் மாவட்டம், கே.ஜி.எஃப். அக்கம்பக்கத்தில் பாதி வீட்டுக்கு அங்கே சொந்தம் உண்டு, தங்கச் சுரங்கத்துக்குப் போய்த் தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். என் பெரியம்மா வீடும் அங்கேதான். 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுத் தரப்பு கொடுத்த பதிலில், கழிவை ஆழத்தில் வைப்பது பற்றிய பேச்சில் கோலார் சுரங்கத்தின் பெயர் வந்துவிட்டது. ஊரே தெருவுக்கு வந்தது, கடையடைப்பு, ரயில் மறியல். அப்புறம் அங்கே கழிவு புதைக்கும் திட்டம் எதுவும் இல்லை, முன்பு ஆராய்ச்சி மட்டும் நடந்தது என்று விளக்கம் வந்தது.

திட்டம் இல்லைதான். ஆனால் அந்த ஜனங்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அங்கே போய் ஒரு நாள் இருக்க வேண்டும். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். பாறையை அரைத்துச் சயனைடு போட்டுத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண், மலை மலையாக ஊருக்குள்ளேயே நிற்கிறது. ஆடிக் காற்றில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் காலையில் பெருக்கினால் மதியம் மறுபடி வெள்ளையாகப் படிந்திருக்கும். சோற்றுப் பானையை மூடியே வைப்பார். தங்கம் எங்கோ போய்விட்டது, மண் இங்கேயே இருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் போய்க் கழிவுக்குப் பாதுகாப்பான இடம் உங்கள் சுரங்கம்தான் என்று ஒரு காகிதம் பேசினால் வேறு எப்படி நடந்துகொள்வார்கள்?

தர்மபுரிக்காரர்களுக்கும் இது புரியும். பென்னாகரம், நல்லம்பள்ளிப் பக்கம் கிணற்று நீரில் ஃப்ளோரைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு முழங்கால் மடங்காமல் போவது, இதையெல்லாம் பார்த்த பிறகுதான் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று ஊர் தெரிந்துகொண்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத கெடுதல் என்றால் என்ன என்று நம் இரண்டு மாவட்டத்துக்கும் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

கணக்கும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1,000 மெகாவாட் உலையில் ஒரு வருஷத்துக்கு எரிந்து முடிந்த எரிபொருள் ஏறக்குறைய 20, 25 டன், அவ்வளவுதான். அதே அளவு அனல் நிலையம் வருஷத்துக்கு லட்சக்கணக்கான டன் சாம்பல் கொட்டும், நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். அளவில் அணுக் கழிவு ரொம்பச் சின்னது. ஆனால் அதில் உள்ள புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 வருஷம் ஆகும். ஃபின்லாந்தில் பாறைக்குள் நானூறு மீட்டருக்கும் கீழே குடைந்து ஓன்கலோ என்று ஒரு கிடங்கு கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அந்த ஊராட்சியைக் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்த ஊருக்குச் சட்டத்தில் இருந்தது, அவர்கள் வேண்டும் என்றார்கள். எனக்கு அந்தக் கிடங்கைவிட அந்த உரிமைதான் பெரிதாகப் படுகிறது.


பென்னாகரம் வாசகர்:

2025 பட்ஜெட்டில் 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்று அறிவித்திருக்கிறார்கள். அறிவித்தபோது நாடு முழுக்க இருந்தது 9,000-க்கும் கீழே, மொத்த மின்சாரத்தில் மூன்று சதவீதம் அளவு. சிறிய உலைகளுக்கு ஆராய்ச்சிக்கு 20,000 கோடி, 2033-க்குள் ஐந்து உலையாவது ஓட வேண்டும் என்று இலக்கு. மூடப்போகும் பழைய அனல் நிலைய இடங்களில் அவற்றை வைக்கலாம் என்ற யோசனையும் பேசப்படுகிறது. கடற்கரைதான் வேண்டும் என்று இல்லை.

எனவே உதாரணத்துக்கு மேட்டூரை எடுத்துக்கொள்கிறேன். அங்கே பழைய நான்கு யூனிட் 1980-களின் கடைசியில் வந்தவை, லைன் தயாராக இருக்கிறது, காவிரித் தண்ணீர் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து மலை இறங்கினால் மேட்டூர். நாளைக்கு அங்கே சிறிய உலை என்றால் ஷிப்ட் ஆள் அண்ணன் ஆமாம் என்பாரா? கேள்வி கேட்டவர் ஆமாம் என்பாரா?


ஷிப்ட் ஆள் (தர்மபுரி):

நான் ஆமாம் என்பேன். ஆனால் இரண்டு நாளாக இதையெல்லாம் படித்த பிறகு, போன வாரம் சொல்லியிருப்பதைப் போல உடனே சொல்ல மாட்டேன். கதிர்வீச்சு அளவு ஒவ்வொரு நாளும் பஞ்சாயத்துப் போர்டில் எழுதிப் போட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஊரைக் காலி செய்யும் ஒத்திகை நடக்க வேண்டும், தாளில் இல்லாமல் உண்மையாக, பஸ் வைத்து. கழிவு எத்தனை வருஷம் அங்கே இருக்கும், அப்புறம் எங்கே போகும் என்று கட்டுவதற்கு முன்னாலேயே எழுத்தில் வேண்டும். சப்ஸ்டேஷனில் பிரேக்கர் டிரிப் ஆனால் நேரம், காரணம் எல்லாம் லாக் புத்தகத்தில் எழுதாமல் ஷிப்ட் ஒப்படைக்க முடியாது. உலைக்கு அதைவிடக் கடுமையான புத்தகம் இருக்கும், எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் புத்தகத்தை ஊருக்கும் காட்ட வேண்டும்.

கூடங்குளத்துக்காரர்கள் இதைத்தானே கேட்டார்கள் என்று என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். ஆமாம்.


அரூர் சோலார்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உலை வரும்வரை காத்திருக்கும் வருஷங்களில் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். பகல் நேர மும்முனை மின்சாரத்தில் எல்லா மோட்டாரையும் ஓட்டிவிட்டால் ராத்திரிச் சுமை கொஞ்சமாவது இறங்கும், அது நம் கையில் இருக்கிறது.


தோத்தாபுரி (காவேரிப்பட்டணம்):

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் மாங்காய் மண்டி ஷெட்டில் கூடினோம், முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். உங்கள் பதில்களில் பாதியை வாசித்துக் காட்டினேன்.

மேட்டூர் கேள்வியை வைத்ததும் ஷெட் அமைதியாகிவிட்டது. அணு உலை வரி வேண்டும் என்று சொன்ன அந்தப் பெரியவர்தான் முதலில் பேசினார். "தூரத்தில் இருக்கும் கடற்கரைக்கு என்றால் உடனே எழுதச் சொன்னேன், மேட்டூர் என்றதும் எனக்கு நாலு கேள்வி வருகிறது. அந்த நாலு கேள்வியையும் சேர்த்து எழுது" என்றார். நான் எதிர்பார்க்கவே இல்லை. என் பங்குக்கு நானும் சொன்னேன், 2012-ல் நான் அவர்கள் பக்கம் நின்றது தப்பு இல்லை, ஆனால் சொன்ன காரணம் பாதிதான் சரி. நிலக்கரிப் புகையை ஒரு பொருட்டாகவே நான் அன்று எடுத்துக்கொள்ளவில்லை.

வரைவு இப்படி வந்திருக்கிறது:

"நிலக்கரி எரிப்பதைக் குறைக்காவிட்டால் இந்த மாவட்டத்தின் மா விவசாயம் பிழைக்காது. அதற்குச் சூரிய சக்தி, காற்று, மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் நிலையங்கள் ஆகியவற்றை உடனடியாக விரிவாக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் அணு உலைகளை மூடக் கோரி நாங்கள் தீர்மானம் போடவில்லை. புதிய அணு உலை எங்கே அமைந்தாலும், கழிவு எங்கே வைக்கப்பட்டாலும், அந்த ஊர்க் கிராம சபைக்கு அவர்கள் மொழியில் முழு விவரம் கொடுத்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். கேள்வி கேட்டவர்கள் மேல் வழக்குப் போடக் கூடாது. கதிர்வீச்சு அளவும் கோளாறுகளும் அன்றன்றே ஊருக்கு அறிவிக்கப்பட வேண்டும்."

இரண்டு பேர் கையெழுத்துப் போடவில்லை. ஒருவருக்கு உலை அடியோடு வேண்டாம், இன்னொருவருக்கு இந்த நிபந்தனை எல்லாம் வேலையை இழுத்தடிக்கும். இருவர் பெயரும் அவர்கள் சொன்ன காரணமும் கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

இராதாபுரத்து அக்கா, உங்கள் அம்மாவுக்குப் போனில் இந்த வரைவை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத வார்த்தை எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன். 13-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது, 14 காலையில்தான் டைப் அடிக்கக் கொடுக்கிறேன்.


இராதாபுரத்து மகள் (ஓசூர்):

இப்போதுதான் வாசித்தேன் தம்பி. "முன்கூட்டியே ஒப்புதல்" என்பதை "கட்டுவதற்கு முன்னால் கேட்டு, சம்மதம் வாங்கி" என்று எழுதச் சொல்கிறார். அப்புறம் மீனவர் ஊருக்குக் கிராம சபை மட்டும் போதாது, கடலில் இருக்கும் ஆட்கள் கரைக்கு வரும் நாளாகப் பார்த்துக் கூட்ட வேண்டும் என்கிறார். அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.